மூன்று தழும்புகளின் மேல்முறையீடு

காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு சைக்கிள் கடைக்கும் ஒரு பாத்திரக் கடைக்கும் நடுவே எட்டடி அகலத்தில் ஓர் அறை இருந்தது. உள்ளே ஒரு மேசை, ஒரு பழைய டைப்ரைட்டர், வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. ‘இங்கிலீஷ் டைப் அடித்துத் தரப்படும்’ என்று வாசலில் ஒரு தகரப் பலகை. அந்த அறைக்குச் சொந்தக்காரர் அசன் முகம்மது.

1967-க்குப் பிறகு அவரிடம் போனவர்களுக்கு அவருடைய ஒரு பழக்கம் தெரியும். அடித்து முடித்த தாளை உடனே கையில் கொடுக்கமாட்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தமிழில் சொல்லிக் காட்டுவார். கேட்பவர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றால், “அடுத்த பஸ்ஸுல போகலாம்” என்பார். முழுதும் கேட்ட பிறகுதான் கையெழுத்துப் போட விடுவார். சிலர் இதனாலேயே வேறு கடைக்குப் போனார்கள். அந்தப் பழக்கம் அவருக்குப் பிறவியிலேயே இருந்ததல்ல. கருவேலவயல் சின்னக்கருப்பின் கேஸில் வந்தது.

அசன் முகம்மது பட்டாளத்தில் பத்தொன்பது வருஷம் இருந்தவர். ஹவில்தாராக 1961-ல் ஊர் திரும்பினார். எல்லோரும் ஹவில்தார் பாய் என்றார்கள். யுத்தத்தைப் பற்றிக் கேட்டால், “நான் பாத்ததெல்லாம் கார்பன் பேப்பரு” என்பார். அது உண்மை. பயிற்சி முடிந்த பிறகு அவர் துப்பாக்கியைத் தொட்டதே குறைவு. ஊர் ஊராக ராணுவ ஆஸ்பத்திரிகளில் கிளார்க்காக இருந்தார். நோயாளியாகிவிட்ட சிப்பாயை வீட்டுக்கு அனுப்புவதா வேண்டாமா என்று மூன்று டாக்டர்கள் உட்கார்ந்து முடிவு செய்யும் மெடிக்கல் போர்டுக்கு அவர்தான் பேப்பர் தயார் செய்வார்.

1967 பங்குனி மாதம் ஒரு முற்பகலில் அழகி கடைக்குள் நுழைந்தாள். முப்பதுக்குள் இருக்கும். அவள் பின்னால் வந்த ஆள் உள்ளே வரவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினான். அவன்தான் அவள் புருஷன் சின்னக்கருப்பு.

“பாய், இதுல என்ன எழுதியிருக்குன்னு சொல்லுங்க. எங்க ஊரு வாத்தியாரு படிச்சுப் பாத்துட்டு உச்சுக் கொட்டுனாரு. அதோட போயிட்டாரு. அதுக்கு நானே கொட்டிக்கிருவேனே.”

பழுப்பு உறைக்குள் எட்டு வரிக் கடிதம். அசன் முகம்மது அதை இரண்டு முறை படித்தார்.

“உம் புருசனுக்கு இருக்க இரைப்பு பட்டாளத்துல வந்தது இல்லையாம். பட்டாளத்துக்குப் போனதால கூடுனதும் இல்லையாம். சேர்றதுக்கு முன்னாடியே இருந்துச்சாம். அதனால ஊனப் பென்ஷன் கெடையாதுங்கிறாக.”

அழகி வாசல் பக்கம் திரும்பினாள். “கேட்டீகளா? என்னையக் கட்டுறப்பவே இருந்துச்சாம்ல! எங்க அய்யாகிட்ட மறைச்சுப்புட்டீகளே.”

சின்னக்கருப்புக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாக மாறி, இருமல் விசிலாக மாறியது. அது அடங்கும்வரை மூன்று பேரும் காத்திருந்தார்கள். பிறகு அவன், “பட்டாளத்துக்குப் போறதுக்கு முந்தி புதுவயல் மில்லுல நாளைக்கு நூறு மூட்டை சொமந்தவன் பாய் நானு” என்றான்.

இப்போதும் அதே மில்லில்தான் இருந்தான். ஆனால் மூட்டை தூக்க முடியவில்லை. இரக்கப்பட்டு உமி அள்ளும் இடத்தில் போட்டிருந்தார்கள். அங்கே நாள் முழுதும் தூசி. காரைக்குடி பெரிய டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: தூசியை விட்டு விலகவேண்டும், தொடர்ந்து மருந்து எடுக்கவேண்டும், இல்லையென்றால் நாலைந்து வருஷத்தில் நடக்கக்கூட மூச்சு இருக்காது. பட்டாளத்தால் வந்த நோய் என்று சர்க்கார் ஒப்புக்கொண்டால் ராணுவ ஆஸ்பத்திரியில் அவனுக்கு வைத்தியம் உண்டு. மில்லை விட்டு நிற்கவும் ஒரு பிடி கிடைக்கும். ஒப்புக்கொள்ளாவிட்டால் உமிதான்.

“மேல எழுதிப் போடலாம். ஆறு மாசத்துக்குள்ள போடணும்” என்றார் அசன் முகம்மது.

“எழுதிப் போட்டா இவரக் கூப்பிட்டுப் பாப்பாகளா?”

“மாட்டாக. ஆளு ஒரு தடவைதான் டாக்டர்க முன்னாடி நிப்பான். அதுக்குப் பெறகு அவன் பேப்பராயிருவான். அந்தப் பேப்பரு வடக்க பென்ஷன் ஆபீசுக்குப் போகும். அங்க ஒரு டாக்டரு பேப்பரப் பாத்துட்டு முடிவு சொல்வாரு. பிடிக்கலைன்னா டெல்லிக்கு எழுதணும். அங்கயும் பேப்பரத்தான் பாப்பாக.”

“அப்ப இவரு இரைக்கிற சத்தம் யாருக்கும் கேக்காது?”

“கேக்காது. அத நாம எழுதித்தான் கேக்க வைக்கணும்.”

சின்னக்கருப்பின் டிஸ்சார்ஜ் புத்தகத்தை வாங்கித் தேதிகளை எழுதிக்கொண்டார். 1960-ல் சேர்ந்தான். உடல் தகுதி சரி. 1962 கடைசியில் லடாக். அங்கே இருந்தபோது 1964-ல் முதல் இரைப்பு. மூன்று முறை ஆஸ்பத்திரி. 1966-ல் மெடிக்கல் போர்டு, வீடு.

இதில் அசன் முகம்மதுவுக்கு ஒன்று புரியவில்லை. பென்ஷன் விதிகளை அவர் பிரதி எடுப்பதற்காக ஸ்டென்சில் தாளில் அடித்தடித்தே மனப்பாடம் செய்தவர். சேரும்போது பார்த்த டாக்டர் ஒரு நோயைக் குறித்து வைக்கவில்லை என்றால், பிறகு வந்த அந்த நோய் சேவைக் காலத்தில் வந்ததாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. அப்படி இல்லை என்று போர்டு சொல்ல நினைத்தால் காரணம் எழுதவேண்டும். காரணம் இல்லாமல் ‘முன்பே இருந்தது’ என்று மூன்று டாக்டர்கள் கையெழுத்துப் போடமாட்டார்கள். ஏதோ ஒன்றைப் பார்த்திருக்கிறார்கள். என்னத்தை? கடிதத்தில் அது இல்லை. போர்டின் பேப்பரைச் சிப்பாய்க்குக் காட்டும் வழக்கமும் இல்லை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வரும் நேரத்துக்குப் புருஷன் பெண்டாட்டி இருவரையும் மறுபடி வரச் சொல்லியிருந்தார். மேசையைச் சுவரோரம் இழுத்துப் போட்டார்.

“கருப்பு, நான்தான் போர்டோட பெரிய டாக்டரு. நீ உள்ள வர்ற. அன்னைக்கு என்ன செஞ்சியோ அதச் செய்யி. ஒண்ணும் விடக்கூடாது.”

சின்னக்கருப்பு வெளியே போய், உள்ளே வந்து, விறைப்பாக நின்று சல்யூட் அடித்தான். சாப்பாட்டுத் தூக்குடன் அப்போதுதான் வந்த அசன் முகம்மதுவின் மனைவி ஹாஜிரா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“என்னங்க இது, ரிட்டையராயி ஆறு வருசங்கழிச்சு சல்யூட் வாங்கிக்கிட்டு இருக்கீக? அதுவும் சோத்து நேரத்துல?”

“சும்மா இரு. போர்டு நடக்குது.”

“நடத்துங்க. மீன் கொழம்பு ஆறிப் போச்சுன்னா போர்டுதான் பொறுப்பு” என்று சொல்லிவிட்டு அவளும் பெஞ்சில் அழகி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“பெறகு?”

“சட்டையக் கழட்டச் சொன்னாரு.”

“கழட்டு.”

சட்டையைக் கழற்றினான். நெஞ்சின் மேல்பக்கம், கழுத்து எலும்புக்குக் கீழே, காலணா அளவில் மூன்று பழைய தழும்புகள் வரிசையாக இருந்தன. அசன் முகம்மது எழுந்து பக்கத்தில் போய்ப் பார்த்தார்.

“இது என்னப்பா?”

“சூடு பாய். கைப்புள்ளையில வச்சது.”

“எதுக்கு?”

“நெஞ்சுல சளி கட்டக்கூடாதுன்னு. எங்க ஊர்ல எல்லாப் புள்ளைக்கும் வைப்பாக.”

“உனக்குச் சளி கட்டியிருந்துச்சா?”

“ஏழாம் நாளு புள்ளைக்கு என்ன சளி? கட்டாம இருக்கத்தானே வைக்கிறது.”

“போர்டுல இதக் கேட்டாகளா?”

“டாக்டரு கேக்கல. தொட்டுப் பாத்துட்டுப் பக்கத்து டாக்டருகிட்ட இங்கிலீஷ்ல என்னமோ சொன்னாரு. ஆனா அதுக்கு முன்னாடியே வராந்தாவுல கிளார்க்கு கேட்டாருல்ல.”

அசன் முகம்மதுவின் முகம் மாறியது. “எந்தக் கிளார்க்கு?”

“வடக்கத்திக்காரரு. அன்னைக்கு நாங்க பதினாறு பேரு. எங்க எல்லாருக்கும் அவருதான் பாரம் எழுதுனாரு. கேள்வியக் கேப்பாரு, நாங்க சொல்லணும், கடைசியில கையெழுத்து. இந்தத் தழும்பு என்னன்னாரு. எங்க ஊருப் பழக்கத்த எனக்குத் தெரிஞ்ச ஹிந்தியில சொல்ல ஆரம்பிச்சேன். ‘கதையெல்லாம் வேணாம். சின்ன வயசுல நெஞ்சுக்கு வைத்தியம் பாத்ததா? ஆமாவா இல்லையா?’ன்னாரு. ஆமா சாப்புன்னேன்.”

“ஏன்டா ஆமான்ன?”

“வைத்தியந்தானே பாய்? இல்லைன்னா பொய்யில்லையா?”

அழகி தலையில் அடித்துக்கொண்டாள். “இந்த யோக்கியத்த எங்கிட்ட ஒரு நாளு காட்டியிருக்காரா, கேளுங்க அக்கா.”

ஹாஜிரா சிரித்தாள். அசன் முகம்மது சிரிக்கவில்லை. அந்த ஒரு ‘ஆமா’தான் போர்டின் காரணம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து டைப்ரைட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் போன பிறகும் தூக்கைத் திறக்கவில்லை.

“அந்த வராந்தாவுல நானும் உக்காந்திருக்கேன் ஹாஜிரா. சாப்பாட்டுக்கு முன்னாடி பதினாறு, பதினெட்டுப் பேரு. மலையாளத்தான், தெலுங்கன், கூர்க்கா, எல்லாரும். அவன் என்னமோ ஊருக்கதை சொல்வான். எனக்குக் கட்டத்துல ஒரு வார்த்தை வேணும். ஆமாவா, இல்லையான்னு நானுந்தான் கேட்டிருக்கேன்.”

“எத்தனை பேருக்கு?”

“தெரியாது. அதான் தெரியல.”

ஹாஜிரா தட்டில் சோற்றைப் போட்டாள். “அப்ப இந்த ஒருத்தனுக்காவது முழுசா அடிங்க. மொதல்ல சாப்பிடுங்க.”

சித்திரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் புதுவயலுக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து இரண்டு மைல் நடந்து கருவேலவயல் போனார். ஊர் ஆண்களில் எத்தனை பேருக்கு அந்தத் தழும்பு என்று கணக்கெடுக்கக் கையில் கோடு போட்ட நோட்டு. கண்மாய்க் கரையில் புளிய மரத்தடியில் ஆண்களைக் கூட்டி வைப்பதாக அழகி சொல்லியிருந்தாள். அவர் போனபோது நாலு பேர்தான் இருந்தார்கள். அந்த நாலில் இரண்டு பேர் அவருடைய நோட்டையும் கண்ணாடியையும் பார்த்துவிட்டு, “குடும்பக் கட்டுப்பாட்டு ஆளுடோய்” என்று வரப்பில் இறங்கி ஓடினார்கள்.

அழகி கரைமேல் ஏறி நின்று கத்தினாள்: “ஓடாதீகய்யா! அவரு சட்டையத்தான் தூக்கச் சொல்றாரு, வேட்டிய இல்ல!”

அதற்குப் பிறகு கூட்டம் சேர்ந்தது. மத்தியானத்துக்குள் நாற்பத்தொரு ஆண்களைப் பார்த்தார். நோட்டில் பெயர், வயது, தழும்பு உண்டா, எத்தனை, இரைப்பு உண்டா என்று கட்டம் போட்டிருந்தார். ஒவ்வொருவரையும் கரைக்கோடியில் இருந்த அரசமரம் வரை வேகமாக நடந்து வரச் சொல்லி, மூச்சைக் கவனித்தார். டாக்டர் இல்லையே என்று ஒருவர் கேட்டதற்கு, “நான் டாக்டர் இல்ல. காது இருக்கு” என்றார்.

நாற்பது பேர் நெஞ்சில் மூன்று தழும்பு இருந்தது. அதே இடம், அதே வரிசை. அந்த நாற்பதில் இரைப்பு இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் சின்னக்கருப்பு. இன்னொருவர் எழுபது வயது சோணைமுத்து. நடந்து வரச் சொன்னபோதுகூட அவர் வாயிலிருந்த சுருட்டை எடுக்கவில்லை.

நாற்பத்தொன்றாவது ஆள் பெத்தன். அவன் நெஞ்சு வழவழவென்றிருந்தது.

“பெத்தன விட்டுருங்க பாய். நாப்பது பேரு போதாதா? எல்லாருக்கும் இருக்குன்னு எழுதுங்க, நல்லா இருக்கும்” என்றாள் அழகி.

“நாப்பத்தொரு பேரப் பாத்தேன். நாப்பத்தொரு பேருதான் எழுதுவேன்.”

“ஒத்த ஆளால கேஸு போச்சுன்னா?”

“அவன விட்டுட்டு எழுதி, அங்குட்டு எவனாவது கண்டுபிடிச்சா நாப்பது பேரும் போச்சு.”

சூடு வைக்கிற ராக்காயி வீடு ஊரின் கடைசியில் இருந்தது. மருத்துவச்சி. ஆட்டுக்குட்டிக்குத் தழை போட்டுக்கொண்டே பேசினாள்.

“விரலி மஞ்சளத் தீயில காட்டி, நுனி செவந்ததும் வைக்கணும். ஏழாம் நாளு. ஆம்பளப் புள்ளைக்கு மூணு, பொம்பளப் புள்ளைக்கு ரெண்டு.”

“ஏன் மூணு?”

“எங்க ஆத்தா மூணு வச்சா.”

“நோய் இல்லாத புள்ளைக்குமா?”

“நோய் வந்தப் பெறகு வச்சு என்ன செய்ய?”

“புள்ள துடிச்சுப் போகாதா தாயி?”

“அழுகத்தானே வைக்கிறது. அழுதா நெஞ்சு வெடிச்சு சளி வெளியேறும்.” ராக்காயி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். “பட்டாளத்துக்காரகளுக்கு ஏம் மஞ்சத்துண்டு மேல என்ன கோவம்?”

“கோவமில்ல. அவுகளுக்கு இது என்னன்னு தெரியல. தெரியாததையே காரணமா எழுதிப்புட்டாக.”

இந்தச் சூட்டை அவர் சரியென்று நினைக்கவில்லை. அதை அவளிடமும் சொன்னார். அவள் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆனால் சொன்னதற்கெல்லாம் கைநாட்டு வைத்தாள். கிராம முன்சீப் பட்டியலை ஒருமுறை ஓட்டிப் பார்த்துக் கையெழுத்தும் முத்திரையும் போட்டார்.

மனுவை எழுத உட்கார்ந்தபோது மில் விஷயத்தில் சண்டை வந்தது. மில்லில் வேலை பார்ப்பதைச் சொல்லவேண்டாம் என்றாள் அழகி. உமித் தூசியால்தான் இரைப்பு என்று திருப்பிவிடுவார்கள் என்பது அவள் பயம்.

“1964-ல இரைப்பு. 1966-ல வீட்டுக்கு வந்தான். அதுக்குப் பெறகு மில்லு. மில்லு எப்புடி ரெண்டு வருசத்துக்கு முன்னாடி போயி லடாக்குல தூசியக் கெளப்பும்?” என்றார் அசன் முகம்மது. “நாமளே தேதியோட சொல்லிட்டா அது பலம். மறைச்சா, அதத்தான் நோண்டுவாக.”

“எனக்குப் பயமாத்தான் இருக்கு.”

“எனக்குந்தான்” என்றான் சின்னக்கருப்பு. “பாய் சொல்றபடி போடட்டும்டி. ஒருக்கா ஒத்த வார்த்தையில சொல்லித்தானே மாட்டிக்கிட்டேன்.”

ஆடி மாதம். கடைசிப் பிரதியை அடிக்கும்போது சேர்ந்த தேதியைச் சரிபார்க்க டிஸ்சார்ஜ் புத்தகத்தைத் திறந்தார். தேதிக்குப் பக்கத்தில், அவர் பட்டாளத்தில் ஆயிரக்கணக்கில் அடித்த ஒரு கட்டம்: அடையாளங்கள். வலது முழங்காலில் மச்சம், இடது புருவத்தில் வெட்டுக்காயம் என்று எதையாவது அடித்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போவார். சிப்பாய் செத்துப்போய் முகம் தெரியாமல் கிடந்தால் ஒழிய யாரும் படிக்காத கட்டம் அது. அதனால் பங்குனியில் இந்தப் புத்தகத்தை முதலில் பார்த்தபோதும் அவர் கண் அதைத் தாண்டிப் போயிருந்தது.

இப்போது படித்தார். ‘நெஞ்சின் மேல்பகுதியில் மூன்று பழைய தீத்தழும்புகள்.’ 1960-ல் ஆள் எடுத்த டாக்டர் பார்த்து எழுதியது. அதற்கு நாலு வரி கீழே, அதே டாக்டரின் கணிப்பு: நுரையீரல் சுத்தம், தகுதி உண்டு.

அசன் முகம்மது கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பக்கத்துக் கடையில் பாத்திரத்துக்குப் பெயர் வெட்டும் சத்தம் மட்டும் கேட்டது. போர்டு எதைக் காரணமாகக் காட்டியதோ, அதைச் சர்க்காரின் டாக்டரே ஆறு வருஷத்துக்கு முன்னால் பார்த்து, எழுதி, நெஞ்சில் காது வைத்துக் கேட்டு, நோய் இல்லை என்று சேர்த்திருக்கிறார். கருவேலவயல் போயிருக்கவே வேண்டாமோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. யோசித்தபோது அப்படியில்லை என்று தெரிந்தது. தழும்பு அப்போதே இருந்தது என்பதைத்தான் இந்தக் கட்டம் சொல்கிறது. அந்தத் தழும்பு என்ன என்பதைப் பட்டியல்தான் சொல்லும். ஒன்றில்லாமல் மற்றது பாதி.

முதல் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஆரம்பித்தார். மனு ஒன்றரைப் பக்கம்தான் வந்தது. மறுநாள் சின்னக்கருப்பை உட்கார வைத்து ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னார். இரண்டு மணி நேரம் ஆனது. ஓரிடத்தில் அவன் கையைத் தூக்கினான்.

“மொத இரைப்பு ஜனவரின்னு போட்டிருக்கீக. பிப்ரவரி பாய். மொத பனிச்சரிவு முடிஞ்சு, செத்தவனத் தோண்டி எடுத்த வாரம்.”

“போன தடவை ஜனவரின்னியே?”

“நீங்க ஜனவரியான்னு கேட்டீக. ஆமான்னேன்.”

அசன் முகம்மது தாளைக் கீழே வைத்தார். ஆஸ்பத்திரி ரிக்கார்டில் பிப்ரவரி என்றிருந்து மனுவில் ஜனவரி என்று போயிருந்தால், படிக்கிறவர் அந்த ஒரு பிசகிலேயே நம்பிக்கை இழந்திருப்பார். அந்தப் பக்கத்தையும் கிழித்துவிட்டுத் திரும்ப அடித்தார். வாசித்துக் காட்டும் பழக்கம் அன்றைக்கு ஆரம்பித்தது.

அப்போது ராமநாதபுரம் ஜில்லாவுக்கான சிப்பாய்கள் நல அலுவலகம் மதுரையில் இருந்தது. அசன் முகம்மது தானே பஸ்ஸில் போய் மனுவைக் கொடுத்து, ரசீது வாங்கி வந்தார். பிறகு காத்திருந்தார்கள். அந்த வருஷம் போனது. அடுத்த வருஷ மழைக்காலத்தில் சின்னக்கருப்பை இரண்டு முறை மாட்டு வண்டியில் படுக்க வைத்துக் காரைக்குடிக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டாவது முறை அழகி ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கடைக்கு வந்தாள். கேலி ஒன்றும் பேசவில்லை. “வந்துச்சா பாய்?” என்று மட்டும் கேட்டாள். வரவில்லை.

1968 கார்த்திகையில் வந்தது. தடித்த உறை. சின்னக்கருப்பு, அழகி, ஹாஜிரா மூன்று பேர் முன்னால் அசன் முகம்மது பிரித்து, அவசரப்படாமல் முழுக்கப் படித்தார்.

“பட்டாளத்தாலதான் இந்த நோய் வந்துச்சுன்னு ஒத்துக்கல. ஆனா சேர்றதுக்கு முன்னாடி இருந்துச்சுங்கிறதையும் ஏத்துக்க முடியாதுங்கிறாக. மலைக் குளுரும் அங்க இருந்த நெலைமையும் சேந்து நோயக் கூட்டிருச்சுன்னு ஒத்துக்கிறாக. நூத்துக்கு முப்பது ஊனம். ரெண்டு வருசத்துக்கு. அதுக்குப் பெறகு திரும்பப் பாப்பாகளாம். ராணுவ ஆஸ்பத்திரியில வைத்தியம் உண்டு.”

“செயிச்சோமா, தோத்தோமா?” என்றான் சின்னக்கருப்பு.

“பாதி குடுத்திருக்காக. ஆஸ்பத்திரிக் கதவு தொறக்க அந்தப் பாதி போதும்.”

அழகி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “இவருக்கு மூச்சே பாதிதானே வருது. பாதிக்குப் பாதி சரியாப் போச்சு.”

உறைக்குள் இன்னும் ஏதோ இருந்தது. முன்சீப் முத்திரை போட்ட மூலப் பட்டியலைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். மூன்று பக்கம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பென்சிலால் சின்னதாக ஒரு டிக். நாற்பது டிக். பெத்தன் பெயருக்கு எதிரே டிக் இல்லை. அடியில் ஒரு கோடு, பக்கத்தில் பொடி எழுத்தில் இங்கிலீஷில் ஒரே கேள்வி: இவருக்கு ஏன் இல்லை?

அசன் முகம்மது அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை, கேஸ் முடிவைப் படித்தபோதுகூட யாரும் பார்க்கவில்லை.

“ஒருத்தரு படிச்சிருக்காரு. நாப்பத்தொரு பேரையும் ஒவ்வொண்ணா. யாரா இருக்கும்? வயசானவரா, சின்ன வயசா? டாக்டரா, என்னைய மாதிரி கிளார்க்கா?”

“யாரா இருந்தா என்ன பாய்? இனிமே நமக்கு அவரு எதுக்கு?” என்றாள் அழகி.

“அவருக்கு ஒரு சந்தேகம் இருக்கே.”

அடுத்த ஞாயிறு மறுபடி கருவேலவயல் போனார். ராக்காயியிடம் கேட்டார்.

“பெத்தனா? அவன் ஆத்தா நெற்குப்பைக்காரி. அங்குட்டுத்தான் பெத்தா. அங்க இந்தப் பழக்கம் கெடையாது. மூணு மாசங்கழிச்சுத் தூக்கிட்டு வந்தா. ஏழு நாளு தாண்டிருச்சு, இனி வச்சுப் பிரயோசனமில்லைன்னு அனுப்பிட்டேன். இதக் கேக்கவா இம்புட்டுத் தூரம் நடந்து வந்தீக?”

திங்கட்கிழமை காலை கடையைத் திறந்ததும் முதல் வேலையாக டெல்லிக்கு ஒரு கடிதம் அடித்தார். கடித எண், தேதி, பிறகு இரண்டே வாக்கியம்: பட்டியலில் நாற்பத்தொன்றாவது நபர் தாயாரின் ஊரில் பிறந்தவர், அங்கே அந்த வழக்கம் இல்லை. ஹாஜிரா எட்டிப் பார்த்தாள்.

“கேஸுதான் முடிஞ்சு போச்சே?”

“கேள்வி முடியலையே” என்று தபால்தலையை ஒட்டினார். பதில் ஒன்றும் வரவில்லை. வரும் என்று அவர் எதிர்பார்க்கவும் இல்லை.

சின்னக்கருப்பு மில்லை விட்டான். செக்காலையிலேயே ஓர் ஆச்சி, வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் தன் பெரிய வீட்டுக்குக் காவலாக அவனை வைத்துக்கொண்டார். ராணுவ ஆஸ்பத்திரிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய் மருந்து வாங்கி வந்தான். இரைப்பு போய்விடவில்லை. ஆனால் மாட்டு வண்டி தேவைப்படவில்லை. கடைக்கு வரும்போது நிலையைப் பிடிக்காமல் உள்ளே வந்தான்.

1970 கடைசியில் இரண்டு வருஷம் முடிந்து, திரும்பப் பார்க்கும் போர்டுக்கு வரச் சொல்லி அவனுக்குக் கடிதம் வந்தது. அதில் குறைத்துவிட்டால் ஆஸ்பத்திரியும் போய்விடும். அசன் முகம்மது ஒரு தாளும் எழுதிக் கொடுக்கவில்லை. “இந்தத் தடவை ஆளப் பாக்கப் போறாக. நீயே பேசு” என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

நாலாம் நாள் சின்னக்கருப்பும் அழகியும் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகக் கடைக்கு வந்தார்கள்.

“இன்னும் அஞ்சு வருசத்துக்குப் போட்டிருக்கு பாய். அதே முப்பது. வாயாலயே சொல்லிட்டாரு டாக்டரு. கடுதாசி பெறகு வருமாம்.”

“தழும்பக் கேட்டாகளா?”

“டாக்டரு கேக்கல. கிளார்க்கு கேட்டாரு. அதே வராந்தா, வேற ஆளு. சின்ன வயசுல வைத்தியம் உண்டா, ஆமாவா இல்லையான்னாரு.”

“நீ என்ன சொன்ன?”

“ரெண்டும் இல்ல சாப்புன்னேன். உக்காந்து கேளுங்க, சொல்றேன்னேன். ராக்காயி, ஏழாம் நாளு, மஞ்சள், நாப்பத்தொரு பேரு எல்லாஞ் சொன்னேன்.”

“பெத்தனையும் விடல. பின்னாடி நின்னவுகல்லாம் முணுமுணுக்கிறாக, இவரு பாட்டுக்கு நெற்குப்பை வரைக்கும் போயிட்டாரு” என்றாள் அழகி.

அசன் முகம்மது டைப்ரைட்டரிலிருந்து கையை எடுத்துவிட்டு முன்னால் சாய்ந்தார். “அந்தக் கிளார்க்கு, நீ சொன்னத முழுசா எழுதுனாரா?”

“எழுதுனாரு பாய். கட்டத்துல எடம் பத்தாம தாளத் திருப்பிப் போட்டு எழுதுனாரு. ரெண்டு தடவை என்னைய நிறுத்தி, மெதுவாச் சொல்லுங்கன்னாரு.”

“படிச்சுக் காட்டுனாரா?”

“இல்ல.” சின்னக்கருப்பு சிரித்தான். இந்தச் சிரிப்பு இருமலில் முடியவில்லை. “நான்தான் படிக்கச் சொன்னேன்.”